சனிக்கிழமைப் பூசையும் ஒரு தூக்கு அக்காரவடிசலும்

பொன்மலையில் தகரக் கொட்டகை போட்டு, ஒரே ஒரு வெல்டிங் மிஷினோடு தொழிலை ஆரம்பித்தவன் நான். இன்றைக்கு அதே இடத்தில் கான்கிரீட் கூரை போட்ட பட்டறை நிற்கிறது. பக்கத்தில் மாடி வீடு. ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனவனுக்குப் பிறந்த இரண்டு பெண்களும் கல்லூரியில் பாடம் நடத்துகிறார்கள். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி, சித்திரை வீதி, எதில் நடந்தாலும் நான் செய்த கேட் ஒன்றாவது கண்ணில் படும். எங்கள் மாதா கோயில் மணிக்கூண்டுக்கு ஏறும் இரும்புப் படிக்கட்டும், மாதா சொரூபம் நிற்கும் கெபிக்கு முன்னால் இருக்கும் கிரில்லும் என் கைவேலைதான். அந்தப் படிக்கட்டின் வளைவு நிற்காது என்று ஒரு என்ஜினீயர் சொன்னார். நிற்கிறது. மணியடிப்பவர் தினமும் ஏறி இறங்குகிறார்.

இதையெல்லாம் ஊரே ஒப்புக்கொள்ளும். ஒப்புக்கொள்ளாத ஒன்று இருக்கிறது. என் மனைவியின் வலது கால் சுண்டுவிரல் இன்றைக்கு அவள் காலோடு இருப்பதற்கு நானும் ஒரு காரணம். அதை யாரும் சொல்லாததால் நானே எழுதுகிறேன்.

அவளுக்குச் சர்க்கரை வந்து வெகுகாலம் ஆகிறது. இனிப்பு ஆசை அதற்கும் முந்தியது. அரிசி டிரம்முக்குப் பின்னால் மைசூர்பாகு இருக்கும். செபமாலை வைக்கும் சின்னப் பையில் கல்கண்டு இருக்கும். அருள் நிறைந்த மந்திரம் சொல்லும் வாய் ஒரு பக்கம் உப்பியிருந்தால் எனக்கு விஷயம் புரிந்துவிடும். போன வருஷம் புதுச் செருப்பு கடித்துச் சுண்டுவிரலில் புண் வந்தது. ஆறவில்லை; கறுக்க ஆரம்பித்தது. டாக்டர் பார்த்துவிட்டு ஒளிக்காமல் சொன்னார்: "சர்க்கரை இப்படியே இருந்தா விரலை எடுக்க வேண்டியிருக்கும்மா. ஈஸ்டர் வரைக்கும் வாயைக் கட்டுங்க. அப்புறம் பாத்து முடிவு பண்ணுவோம்."

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வந்தது. நெற்றியில் சாம்பலோடு வீட்டுக்கு வந்தவள், அடுப்படியில் நின்றுகொண்டு சொன்னாள்: "ஈஸ்டர் வரைக்கும் இனிப்பைத் தொட மாட்டேன். மாதாகிட்ட சொல்லிட்டேன்."

"அப்ப நானும் தொட மாட்டேன்" என்றேன்.

"உங்களுக்குத்தான் சர்க்கரை இல்லையே?"

"நீ பாத்துக்கிட்டு இருக்க, நான் தின்னா எனக்கு இறங்குமா?"

"நல்லாவே இறங்கும். எனக்குத் தெரியாதா உங்கள?"

அவள் சிரித்தாள். ஆனால் நான் சொன்னால் சொன்னதுதான். அன்றிலிருந்து வீட்டில் கசப்புக் காபி. வெளியிலும் சர்க்கரை இல்லாத டீ. பட்டறைப் பையன்கள் யாருக்கோ கல்யாணம் நிச்சயம் என்று லட்டு நீட்டினார்கள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

தவக்காலம் பாதி தாண்டிய ஒரு சனிக்கிழமை, ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டுக்கு கேட் மாட்டப் போனேன். வேலை முடிந்து ஸ்பேனரைப் பையில் போடும்போது அந்த வீட்டு மாமி ஒரு தூக்குப் பாத்திரத்தோடு வந்தார்.

"இன்னிக்குப் பேரனுக்குப் பொறந்த நாள். அக்காரவடிசல் பண்ணியிருக்கேன். எடுத்துண்டு போங்கோ. உங்காத்துலயும் கொடுங்கோ."

"தவக்காலம் மாமி, நாங்க இனிப்பு…"

"விரதமா? பேஷ். அதனாலென்ன, கொழந்தைகளுக்குக் கொடுங்கோ. வெறுங்கையோட அனுப்பப்படாது."

பிறந்த நாள் வீட்டில் எப்படி மறுப்பது? வாங்கிக்கொண்டேன். பாலைக் குறுகக் காய்ச்சி, வெல்லமும் நெய்யும் விட்டுக் கிளறிய சோறு. மூடி போட்டிருந்தும் பச்சைக் கற்பூர வாசனை பையைத் தாண்டி வந்தது. காவிரிப் பாலத்தில் பஸ்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு வண்டியை உருட்டும்போதெல்லாம் அது என் மடியில்தான் இருந்தது. என் நெஞ்சுறுதி எப்படிப்பட்டது என்பதற்கு அந்தப் பாலம் சாட்சி.

வீட்டுக்குப் போக நேரமில்லை. சாயங்காலப் பூசைக்கு மணி அடித்துவிட்டது. நேராகக் கோயிலுக்குப் போய், ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் பையைக் காலடியில் வைத்துக்கொண்டேன். மேலே ஃபேன் சுற்றியது. நற்செய்தி வாசிக்கும்போது பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி திரும்பிப் பார்த்தாள். கல்யாணமான புதிதில்கூட என்னை அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை. அவள் பார்த்தது பையை.

பூசை முடிந்ததும், கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு கெபி பக்கம் வந்தாள்.

"பையில என்ன?"

"பட்டறைச் சாமான்."

"ஸ்பேனர்லேருந்து நெய் வாசனை வருது."

மாதாவுக்கு முன்னால் அதற்குமேல் என்ன சொல்வது? "அக்காரவடிசல்" என்றேன்.

அவள் குனிந்து பையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக ஆரம்பித்தாள். "சனிக்கிழமை சாயங்காலப் பூசை பாத்தா ஞாயித்துக்கிழமைக்குச் செல்லும்தானே?"

"செல்லும்."

"ஞாயித்துக்கிழமை நோன்புக் கணக்குல சேராதுன்னு சாமியாரே பிரசங்கத்துல சொன்னாரா இல்லையா?"

"சொன்னாரு."

"அப்ப நமக்கு இப்பவே ஞாயித்துக்கிழமை. ஒரே ஒரு கரண்டிங்க. வேணும்னா சாமியாரையே கேளுங்க."

சாமியார் அப்போதுதான் கோயில் படியில் இறங்கிக்கொண்டிருந்தார். அவரைக் கேட்டால் நோன்புச் சட்டம் அவள் பக்கம். டாக்டரின் பேச்சை எடுத்தாலோ அழுதுவிடுவாள். கல்லூரி வாத்தியார்களான என் மகள்கள் அங்கே இருந்திருந்தால் திணறியிருப்பார்கள். நான் திணறவில்லை.

"சரி, தின்னு. நாம எது தின்னாலும் செபம் சொல்லித்தானே தின்போம்? பரலோக மந்திரம் ஒண்ணு சொல்லிடுவோம்" என்றேன்.

நான் செய்த கிரில்லைப் பிடித்துக்கொண்டு இருவரும் சொன்னோம். பஸ்ஸுக்கு ஓடுகிறவள் போல அவள் விறுவிறுவென்று சொல்லிக்கொண்டு போனாள். 'எங்களைச் சோதனைக்கு உட்படுத்தாதேயும்' என்ற இடம் வந்ததும் நின்றுவிட்டாள். தலை குனிந்து காலைப் பார்த்தாள். நானும் சொல்லாமல் காத்திருந்தேன். அப்புறம் அந்த வரியைத் தனியாக, மெல்லச் சொன்னாள். அந்த மந்திரத்தை அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"ரொம்பக் கெட்டிக்காரர்தான் நீங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எடுத்துட்டுப் போங்க. வீட்டுக்கு மட்டும் கொண்டு வராதீங்க."

கோயிலுக்கு எதிரே பஞ்சர் கடை வைத்திருக்கும் பாய் எனக்குப் பழைய சிநேகிதர். அவருக்கு அது ரமலான் மாதம். நோன்பு திறந்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தூக்கை அவரிடம் கொடுத்தேன்.

"உங்க நோன்புல தண்ணி குடிக்கலாம், சோறு திங்கலாம், இது மட்டும் ஆகாதாண்ணே? இது நோன்பா, பத்தியமா?"

"ரெண்டும்தான் பாய்."

ஒரு வாய் போட்டவர் கண்ணை மூடிக்கொண்டார். "யா அல்லாஹ்! இதையா வேணாம்னீங்க? ஒரே ஒரு வாய் சாப்பிடுங்க. அண்ணிகிட்ட நான் மூச்சுவிட மாட்டேன்."

எனக்குச் சர்க்கரை இல்லை. கோயில் சட்டப்படி ஞாயிறு. பார்க்கவும் யாருமில்லை. பசி வேறு. இருந்தும் நான் தொடவில்லை. பாய் வழித்து முடித்ததும் தூக்கைக் கழுவி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வாசலிலேயே நின்றிருந்தாள். "வாயைத் திறங்க" என்றாள். திறந்தேன். முகர்ந்து பார்த்தாள். பிறகு என் கன்னத்தைத் தட்டிவிட்டு, தோசை ஊற்ற உள்ளே போனாள்.

பெரிய வெள்ளிக்கு முன்னால் டாக்டர் கட்டைப் பிரித்தார். புண் மூடியிருந்தது, விரலை எடுக்க வேண்டியதில்லை. மருந்து வேலை செய்தது என்றார் டாக்டர். அம்மாவின் மன உறுதி என்றார்கள் மகள்கள். மாதா காப்பாற்றினாள் என்றாள் அவள். ஈஸ்டருக்கு அடுத்த வாரம் நன்றிப் பூசை வைத்தோம். பூசை யாருக்காக, எதற்காக என்ற கருத்தைக் கோயில் உபதேசியார் மைக்கில் வாசித்தார். மாதா பெயர் வந்தது, அவள் பெயர் வந்தது. அதோடு மைக்கை வைத்துவிட்டார்.

மாதாவுக்கு முதலிடம், அதில் எனக்கு வழக்கில்லை. என் மனைவிக்கு இரண்டாம் இடம், அதிலும் இல்லை. ஆசைப்பட்டவள் அவள், அடக்கியவளும் அவள்தான். ஆனால் சர்க்கரை இல்லாமலே சர்க்கரையை விட்டவன் ஒருவன் இருக்கிறான். அடுத்த நன்றிப் பூசையில் மூன்றாவதாக என் பெயரையும் வாசிக்க வேண்டும் என்று உபதேசியாரிடம் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கிறார். தாராளமாகச் சிரிக்கட்டும். ஆனால் மைக்கில், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, வாசித்தாக வேண்டும்.