சாக்கில் போன பூனை

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். அவர்கள் வளர்ந்த பிறகு ஒரு பூனையையும் வளர்த்தேன்.

கொட்டாஞ்சேனை வீட்டை விற்றுவிட்டு வெள்ளவத்தை ஃபிளாட்டுக்குப் போகப் பிள்ளைகள் முடிவெடுத்தார்கள். அங்கே பூனைக்கு இடமில்லையாம். செவ்வாய்க்கிழமை நான் கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, மூத்த மகன் அதைச் சாக்கில் போட்டான். திரும்பி வர வழி தெரியக்கூடாதென்று சாக்கைச் சுற்றிச் சுற்றி ஆட்டி, முகத்துவாரத்தில் மீன் வள்ளங்கள் நிற்கிற கரையில் விட்டுவிட்டு வந்தான்.

"அங்க மீனுக்குக் குறைவில்லை அம்மா. ராசா மாதிரி இருக்கும்."

"அது பச்சை மீன் தின்னாது எண்டு உனக்குத் தெரியுமோ?"

"பூனை எண்டா மீன் தின்னும்தானே."

இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தவன். நான் மீனை அவித்து, முள் எடுத்து, சோற்றோடு பிசைந்து வைத்தால்தான் அது வாய் வைக்கும். சின்ன வயதில் அவனுக்கும் அப்படித்தான் ஊட்டினேன்.

மறுநாள் ஓட்டோவில் போய்க் கரை முழுக்கக் கூப்பிட்டேன். வரவில்லை. போய்வா என்று அதன் தலையைத் தடவக்கூட என்னை விடவில்லை.

பேத்தி, நான் எழுதினதை ஒருக்கா வாசி பிள்ளை. சத்தமாக வாசி. உன் அப்பா முன்னறையில்தான் இருக்கிறார்.