ஒரே தலையில் இரண்டு முடி

சித்தி என் பிடரிமுடியை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தபோது எனக்கு ஒன்பது வயது. 2006, மாசி மாதம். 2004 டிசம்பரில், சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, மீன் வாங்க எக்கியார்குப்பம் போன அம்மாவைக் கடல் கொண்டுபோய்விட்டது. உப்பளத்தில் வேலை பார்த்த அப்பா ஒன்பது மாதம் கழித்துச் சித்தியைக் கட்டிக்கொண்டு வந்தார். அம்மாவின் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் அப்பா பாதிச் சோற்றில் எழுந்துவிடுவார்.

என் முடி உச்சியில் நேராக விழும். காதுக்குக் கீழே சுருண்டு கிடக்கும். சித்திக்கு ஒரே இழுப்பில் சீப்பு இறங்குகிற முடி. அதேபோல என் காய்ந்த தலையிலும் இழுப்பார். உப்புக்காற்றில் வறண்ட பிடரிமுடி பிய்ந்து வரும். நான் அழ மாட்டேன். அதில்தான் அவருக்குக் கோபம் அதிகமாகும். கடைசியில் சிக்கு சடையாகவே திரண்டுவிட்டது.

"வெட்டி வுட்டுடு. முடிதானே, வளரும்" என்றார் அப்பா.

கத்தரிக்கோல் சில்லென்று கழுத்தில் பட்டபோது சொன்னேன்: "எங்கம்மாவுக்கும் இதே முடிதான்."

சித்தியின் கை நின்றது. அப்பா எழுந்து வெளியே போனார். சித்தி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "உங்கம்மா எப்படி வாருவாங்க?"

ஓராண்டுக்கு மேலாக யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா காய்ந்த தலையில் சீப்பை வைக்கவே மாட்டாள். நனைத்து, ஆறின வடிகஞ்சியைத் தடவி ஊறவிடுவாள். மேலே சீப்பு, கீழே விரல் மட்டும், நுனியிலிருந்து.

சித்தி அன்று வேலைக்குப் போகவில்லை. என் தலையை நனைத்து, சிக்கை இழை இழையாகப் பிரித்தார். "ஒரே தலையில ரெண்டு முடிடி உனக்கு. நான் ஒண்ணுன்னு நெனச்சி இழுத்துட்டேன்" என்றார். என் மகளுக்கும் இதே முடி. அவளுக்கு வாரும்போதுதான், அது மன்னிப்புக் கேட்ட குரல் என்று எனக்குப் புரிந்தது.

பாதிச் சிக்கு பிரிந்திருந்தபோது வாசலிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

"ஈரம் காயறதுக்குள்ள தேங்காயெண்ண வச்சிடுவா அவ."

சித்தி திரும்பிப் பார்க்கவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"இன்னும் என்ன பண்ணுவாங்க? உள்ள வந்து சொல்லுங்க."

அப்பா உள்ளே வந்து உட்கார்ந்தார். அம்மாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.