முடிசூட்டு விழாவில் பச்சை வாணம்

திரையில் சோழ மன்னர் இலையில் கை வைத்து முதல் கவளத்தைத் தூக்குகிற நொடியில் பைரோஜா டீச்சர் ரிமோட்டை அழுத்திவிடுவார். மன்னர் வாயைத் திறந்தபடியே நிற்பார். ஏழாம் வகுப்பில் யாரும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. எல்லாக் கண்களும் இலையைத்தான் மேயும்.

“டீச்சர், மிளகா வத்தல்! கூட்டுல வத்தல் கெடக்கு!”

“மிளகா கப்பலேறி வர இன்னும் ஐந்நூறு வருசம் இருக்கு. அதுவரைக்கும் ராசா சாப்பிடாம இருப்பாரா? உறைப்புக்கு என்னலே போட்டாக? உனக்கு எப்படித் தெரியும்?”

கோயில் கல்வெட்டில் படையலுக்கு எழுதி வைத்த சாமான்களில் மிளகும் சீரகமும் புளியும் இருக்கின்றன என்று சொல்பவருக்கு ஒரு பிடி காராச்சேவு. தப்பை மட்டும் பிடித்தால் கால் பிடிதான். சான்று சொன்னால்தான் கை நிறையும்.

சரித்திர டீச்சரான பைரோஜா சாத்தூரில் இருந்து இரண்டு பஸ் மாறி, எம். புதுப்பட்டிப் பக்கம் இருக்கும் பள்ளிக்கு வருகிறார். வயர்கூடையில் புரொஜெக்டர், அதன் மேல் சேவுப் பொட்டலம். ராஜா ராணிப் படங்களாகத் தேடிச் சேர்த்து வைத்திருக்கிறார். அதிலும் மோசமான படம் என்றால் கொண்டாட்டம். “நல்ல படம் பாடத்துக்கு ஆகாது” என்பார். கணவர் சாதிக் பாட்சா ஜவுளிக்கடைக்காரர். மனைவியோடு தியேட்டருக்குப் போவதை நிறுத்தி ஆறு வருஷமாகிறது. “மத்தவக அழுவுற எடத்துல இவ சிரிக்கா” என்பது அவர் குறை. கடையில் விலைபோகாத திரைச்சீலைகள் மட்டும் பள்ளிக்கு வந்துவிடும். அவற்றைச் சுற்றிக்கொண்டு பிள்ளைகள் நடிக்க, டீச்சர் செல்போனில் வீடியோ எடுப்பார்.

மழை மூட்டத்தால் பட்டாசுக் கம்பெனிகள் வேலையை நிறுத்தியிருந்த ஒரு நாள், கம்பெனி போர்மேன் பெத்தணன், வகுப்பில் படம் போடுவதை நிறுத்தச் சொல்லும் மனுவோடு வந்தார். தலைமையாசிரியர் மாரிக்கண்ணன் டீச்சரை அழைத்தார். “பெத்தவங்க கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டா நான் ஒண்ணும் செய்ய முடியாது டீச்சர். திங்கக்கிழமையில இருந்து புரொஜெக்டர் பீரோவுக்குள்ள போயிரும்.”

பெத்தணனின் மகள் சினேகா ஏழாம் வகுப்பு. படம் போட்டுப் பிள்ளைகளைக் கெடுக்கிறார் என்பதல்ல அவர் புகார்.

“வீட்டுல ஒரு படம் நிம்மதியாப் பாக்க முடியல டீச்சர். ராசா யானையில வாராரு, ‘அப்பா, பின்னால கரண்டு கம்பி’ங்கா. சண்ட முடிஞ்சுச்சு, ‘செத்தவன் மூச்சு விடுதான்’ங்கா. ராணி சாகுற எடத்துல துண்ட எடுத்துக் கண்ணத் தொடைக்கேன், ‘ராணி ரவிக்கையில ஊக்கு’ங்கா. எங்கிட்டுப் போயி அழ?”

பைரோஜாவுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டார். புரொஜெக்டர் பீரோவுக்குள் போனால் சோழர்களும் சுல்தான்களும் மறுபடியும் புத்தகத்தில் வெறும் வருஷக் கணக்காகிவிடுவார்கள். பரீட்சை முடிந்த அன்றே பிள்ளைகள் அவர்களைக் கைகழுவிவிடுவார்கள்.

“ஒரே ஒரு வகுப்பு வந்து உக்காருங்கண்ணே. அப்புறம் என்ன வேணா எழுதிக் கொடுங்க.”

பெத்தணன் கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். பைரோஜா வேண்டுமென்றே ஒரு சோழ மன்னரின் முடிசூட்டு விழாவைப் போட்டார். மன்னர் தலையில் கிரீடம் ஏறியது. முரசு அதிர்ந்தது. கோபுரத்துக்கு மேலே வாணங்கள் பச்சையும் சிவப்புமாகப் பூத்துச் சொரிந்தன.

“நிறுத்துங்க டீச்சர்!”

பெத்தணன்தான். பெஞ்சோடு எழுந்துவிட்டிருந்தார்.

“பச்ச வரணும்னா பேரியம் போடணும். அதை இப்பவே போடக் கூடாதுன்னு கோர்ட்டு சொல்லிருச்சு. அந்தக் காலத்துல ராசாவுக்கு எவன் கொடுத்தான்?”

வகுப்பு கூரை அதிரக் கைதட்டியது. சினேகா அப்பாவைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பச்சை இருக்கட்டும், வெடிமருந்தே சோழர் காலத்தில் இங்கே வந்து சேரவில்லை என்று பைரோஜா முடித்தார். விஜயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் வாணவேடிக்கையைப் பற்றி எழுதியது நானூறு வருஷத்துக்குப் பிறகு. பெத்தணனுக்கு முழுப் பிடி சேவு கிடைத்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். ஜெயித்த மிதப்பில், தான் எடுத்த வீடியோவையும் போட்டார். சோழர் காலத்து வணிகர் சந்தை. திரைச்சீலை உடுத்திய சினேகா கடை விளக்கை ஏற்றுகிறாள்.

“இதுல ஒரு தப்பு இருக்காது, பாருங்கண்ணே.”

பெத்தணன் சேவு மெல்வதை நிறுத்தினார். “விளக்குக்கு அடியில என்ன டீச்சர் அது? தீப்பெட்டியா?”

தீப்பெட்டிதான், லேபிளோடு. இருபது தடவை பார்த்த வகுப்புக்கு அது தெரியவில்லை. வீட்டுக்கு வீடு கிடக்கிற சாமானை, தீப்பெட்டி செய்கிற அந்த ஊரில் யார் கவனிப்பார்கள்?

பைரோஜாவின் முகம் சிவந்தது. பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். “எனக்கே தெரியலையேலே!” சேவுப் பொட்டலத்தை அப்படியே தூக்கிப் பெத்தணன் முன் வைத்தார். “மறுபடி எடுக்கணும். சந்தையில சுங்கம் வசூலிக்க மீசையோட ஒரு ஆளு வேணும். நீங்க நில்லுங்கண்ணே.”

வாசலில் மாரிக்கண்ணன் எட்டிப் பார்த்தார். “பெத்தணன், மனுவை என்ன செய்யட்டும்?”

“அது கெடக்கட்டும் சார்” என்றார் பெத்தணன். ஊதாத் திரைச்சீலையை மகள் அவர் தலையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

பைரோஜா செல்போனைத் தூக்கினார். தாழ்த்தினார். பெத்தணனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உள்ளங்கையை நீட்டினார். பெத்தணன் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அதில் வைத்தார்.