மூச்சுக்கு ஒரு சீட்டு

சாந்தாமணிக்கு இருப்பது தேயிலைக் கொழுந்து பறித்துக் காய்த்துப்போன விரல். அந்த விரலால் அவள் செல்போனில் சீட்டுச் சண்டை போடுகிறாள் என்றதும் ஓவேலி எஸ்டேட் லயத்து வீடுகளில் சிரித்தார்கள். "மகன் போய் வருசங்கூட ஆகல, இவளுக்கு விளையாட்டு கேக்குதாக்கும்" என்று பக்கத்து வீட்டு ஆண்டாயி காதுபடவே சொன்னாள். வாயை மூடிக்கொண்டு பிடிவாதம் பிடிப்பதில் சாந்தாமணியை மிஞ்ச ஆளில்லை.

விஷயம் இதுதான். அவள் மகன் தினகரன் ஒரு ஜப்பான் கார்ட்டூன் பார்ப்பான். அதில் பிள்ளைகள், நிஜத்தில் இல்லாத ஒரு உலகத்துக்குள் போய் நின்று சீட்டை வீசுவார்கள். சீட்டிலிருக்கிற புலியும் கழுகும் எழுந்து மோதிக்கொள்ளும். நல்ல பையன் தோற்கப் போகிற நேரம் பார்த்து முகமூடிக்காரன் ஒருவன் வந்து பக்கத்தில் நிற்பான். யார், எவர் என்று சொல்லமாட்டான். அதே விளையாட்டு போனிலும் உண்டு. தினகரன் அதில் கெட்டி. முதல் நூறு பேரில் அவன் பேர் இருந்தது. படம் காட்டிக் காட்டி அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பழக்கிவிட்டிருந்தான்.

போன ஆடியில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. சாயங்காலமே கூடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று இவள் துடித்தாள். ரோட்டைப் பார்த்துவிட்டு வந்த புருசன் சின்னராஜ், ஆனை நிற்கிறது, விடியட்டும் என்றான். விடிந்து போனார்கள். பையன் பிழைக்கவில்லை.

"ஆனையும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஜீப்பு கூப்பிடச் சோம்பல்" என்று லயமே கேட்க அவள் சொன்னாள். சின்னராஜ் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு இத்தலார்ப் பக்கம் கேரட் வயல் வேலைக்குப் போய்விட்டான்.

ஆடாமல் விட்டால் அந்தப் பட்டியலில் பேர் கீழே இறங்கிவிடும். மகன் பேர் எங்கேயாவது ஓரிடத்தில் உயிரோடு இருக்கட்டும் என்று அவள் நினைத்தாள். தினமும் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டுத் தண்ணித்தொட்டி மேட்டுக்குப் போவாள். டவர் அங்கேதான் கிடைக்கும். மகன் பேரிலேயே ஆடினாள், தோற்றாள், பேர் தொண்ணூறுக்கு இறங்கியது. அப்போதுதான் ஜோடி ஆட்டத்தில் ஒருவன் வந்து சேர்ந்தான். பேர் கிடையாது, வெறும் முகமூடிப் படம். அவன் வந்தால் தோல்வியே இல்லை. சரியாக ஐந்து மணிக்கு வருவான், ஆட்டம் முடிந்ததும் போய்விடுவான்.

தினகரன்தான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரிச் சோறு மறுபடி தொண்டையில் இறங்கியது.

பட்டியலை முடித்து எழுதுகிற கடைசி நாள் வந்தது. நாள் முழுக்க ஆடுகிறவர்கள் முந்தியதில், பேர் நூறில் நின்றது. தோற்றால் வெளியே. ஆட்டம் முடிவை நெருங்கியபோது முகமூடிக்காரன் கையிலிருந்ததையெல்லாம் வீசினான், ஒரு பச்சை இலைச் சீட்டைத் தவிர. அதையும் போட்டிருந்தால் அப்போதே ஜெயம். போடவில்லை.

சாந்தாமணி அந்த இலையையே பார்த்தாள். எஸ்டேட்டில் கவ்வாத்து வெட்டும்போது அவசரக்காரர்கள் செடியை மொட்டையாக்கிவிட்டுப் போவார்கள். சின்னராஜ் மட்டும் ஒரு கிளையை இலையோடு விட்டுவைப்பான். சூப்பர்வைசர் ஏசினாலும், செடி மூச்சு விட வேண்டாமா என்பான்.

அவள் முறை வந்தது. விரல் அசையவில்லை. நேரம் ஓடி முடிந்தது. நூறாவது இடத்தில் வேறு யாரோ பேர் ஏறியது.

இத்தனை நாளும் வந்தது மகன் இல்லை. அவள் தொட்டியில் சாய்ந்து அழுதாள், அடக்கம் பண்ணின அன்றைக்கு அழாத அழுகை. பிறகு, பத்து மாதமாகத் தொடாத நம்பரை அழுத்தினாள்.

எடுத்தான். கேரட் வயல் காற்று மட்டும் இரைந்தது.

"அந்தச் சீட்ட ஏன் வச்சிருந்தீங்க?"

"மூச்சுக்கு" என்றான். "நான்னு தெரிஞ்சா நீ ஆடமாட்டியேன்னு பேர் சொல்லல" என்றான்.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை மாதம் கேட்காததைக் கேட்டாள்.

"அன்னிக்கு ஆனை நின்னுதா?"

"நின்னுச்சு மணி. குட்டியோட நின்னுச்சு."

இருவரும் போனை வைக்கவில்லை. சார்ஜ் தீர்ந்து அதுவாக அணைகிற வரைக்கும் அவள் காதில் வைத்திருந்தாள்.