ஹெட்லி ஸ்டாப்ஸின் கட்டைவிரல் நகம்

தூரிகையை டப்பாவில் தொட்டு, விளிம்பில் இரண்டு தரம் வழித்து, இடது கட்டைவிரல் நகத்தில் ஒரே இழுப்பு. பிறகு ஹெட்லி ஸ்டாப்ஸ் அந்த விரலை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டு பட்டறையின் வடக்கு ஜன்னலுக்கு நடப்பார். வெளிச்சத்தில் நகத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்ப்பார். "இன்னொரு பூச்சு கேக்குது" என்பார். எத்தனை பூச்சுக்குப் பிறகும் முதலில் இதைத்தான் சொல்வார்.

ஆல்டர்பியில் செய்தித்தாளை முந்திக்கொண்டு சேதி சொல்வது அந்த நகம்தான். ரயில் கம்பெனி இந்த வருஷம் தன் புது எஞ்சின்களுக்குக் கால்பந்துக் குழுக்களின் பெயரை வைக்கிறது. பெரிய சக்கரத்துக்கு மேலே வில்லாக வளைந்த பெயர்ப்பலகை. அதனடியில், பாதிப் பந்தை வெட்டி ஒட்டினாற்போலப் புடைத்து நிற்கும் பித்தளைப் பந்து. பந்தின் இரு பக்கமும் அந்தக் குழுவின் சட்டை நிறம். நிறத்தைப் பூசுகிற கை ஹெட்லியுடையது. சாயங்காலம் சங்கு ஊதி ஆட்கள் வாசலில் பொங்கி வரும்போது ஊரே அவர் விரலைத்தான் எட்டிப் பார்க்கும். சிவப்பு என்றால் போதும், ஆர்சனலா சண்டர்லாண்டா என்று மதுக்கடையில் மேஜை உடையும். ஹெட்லி வாயைத் திறக்கமாட்டார். வீட்டில் அவர் மனைவி ஐவியும் தட்டை வைத்துக்கொண்டே கேட்பாள்: "ஏங்க, இன்னிக்கு எந்த ஊரு உங்க விரல்ல வந்து உக்காந்திருக்கு?"

ஐம்பத்தொரு வயது. குள்ளம். காதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு மெல்லிய தூரிகை. கோயிலுக்குப் போகும்போதுகூட அதை எடுக்க மறந்து பாதிரியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார். மத்தியானம் பட்டாணி மசியல் தடவிய ரொட்டியை வலது கையால் மட்டும் சாப்பிடுவார், இடது விரல் காய வேண்டுமே! எதிரிக் குழுக்களின் எஞ்சினுக்குப் பூசும்போது வாய் சும்மா இருக்காது. "போன வருஷம் மூணு கோல் போட்டீங்களேடா படுபாவிங்களா! இந்தா, நல்லா மினுக்கிக்கிட்டுப் போங்க!" திட்டு முடியும்போது கோடு நூல் பிடித்தமாதிரி நேராக இருக்கும்.

சனிக்கிழமை என்றால் ஊரின் சொந்தக் குழுவான ஆல்டர்பி டவுனின் ஆட்டம். கோல் கம்பத்துக்குப் பின்னால் பதினேழு வருஷமாக ஒரே இடம். அரக்குச் சிவப்பும் வெள்ளையும் கலந்த கழுத்துத் துண்டு. ஒரே ஒரு விசித்திரம்: பெனால்டி கொடுத்துவிட்டால் மனிதர் திரும்பி நின்றுகொள்வார். மைதானத்துக்கு முதுகு, கூட்டத்துக்கு முகம். "பந்து பொய் சொன்னாலும் சொல்லும். மூஞ்சிங்க பொய் சொல்லாது" என்பார். டவுனுக்காக இதுவரை விழுந்த பெனால்டி கோல் ஒன்றைக்கூட அவர் கண்ணால் கண்டதில்லை.

அவர் நகம் காணாத நிறம் ஒன்றே ஒன்று: மஞ்சள். ஏழு மைலுக்கு அப்பால் இருக்கிற கிரேஹாம் ரோவர்ஸின் மஞ்சளும் கறுப்பும் அவருக்கு "காமாலைக் கலர்". வேறு ஊர்க்காரர்களுக்காக மஞ்சள் வந்தாலும் டப்பா மூடியில்தான் பரிசோதனை. "ரோவர்ஸ் எஞ்சின் என்னிக்கு வருதோ அன்னிக்கு எனக்குக் காய்ச்சல். இப்பவே எழுதி வச்சுக்குங்க" என்று பட்டறை முழுக்கக் கேட்கும்படி சொல்லி வைத்திருந்தார். யாருக்குக் கேட்க வேண்டுமோ அவருக்கு நன்றாகவே கேட்டது. ஃபோர்மேன் லம்லி கிரேஹாம்காரர். கோட்டின் உள்பக்கம் ரோவர்ஸ் வில்லை குத்தியிருப்பவர். இருவரும் ஒன்பது வருஷமாக ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிறார்கள். வேலை தவிர வேறு பேச்சு பேசினால் அது சண்டைதான்.

மார்ச் மாதம் லண்டனிலிருந்து புதிய பட்டியல் வந்து சுவரில் ஒட்டப்பட்டது. டவுன் மூன்றாம் பிரிவில் பதினெட்டாம் இடத்தில் தத்தளிக்கிற குழு. யார் எதிர்பார்த்தார்கள்? பட்டியலின் கடைசியில் இரண்டு வரி: ஆல்டர்பி டவுன், அதற்கடுத்து கிரேஹாம் ரோவர்ஸ். முதல் வரியோடு ஹெட்லி படிப்பதை நிறுத்திவிட்டார். பித்தளைப் பந்து பொருத்துகிற ஆம்புரோஸைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். ஆம்புரோஸ் அவரைவிட ஒரு முழம் உயரம். தொப்பியைக் கூரைக்கு வீசினார். அது பாரந்தூக்கியின் கொக்கியில் மாட்டிக்கொண்டு பட்டறையின் அந்தக் கோடி வரைக்கும் ஊர்வலம் போனது. வழியெங்கும் ஆட்கள் சுத்தியலால் இரும்பைத் தட்டி அதற்கு மரியாதை செய்தார்கள். அடேயப்பா, அன்றைக்கு எழுந்த சத்தம்!

அடுத்த நாளே சாயங்காலம் அவர் நகத்தில் அரக்குச் சிவப்பு. வாசலில் ஆட்கள் தொப்பியைக் கழற்றினார்கள். ஒரு பால்காரர் வண்டியை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஐவி அன்று எந்த ஊர் என்று கேட்கவில்லை. விரலைப் பார்த்தாள், சமையல் ஏப்ரனால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு அழுதாள்.

டவுன் எஞ்சின் எழுந்தது. சனிக்கிழமை பெயர் சூட்டு விழா என்று முடிவானது. புதன்கிழமை நிறத்துக்கான வரைபடம் வந்தது. ஹெட்லி அதை விரித்தார். பெயர்ப்பலகை சரி, பந்து சரி. பந்தின் இரு பக்கமும் எழுதியிருந்தது: மஞ்சள், கறுப்பு.

லண்டனில் யாரோ ஒரு குமாஸ்தா அடுத்தடுத்த இரண்டு வரிகளை மாற்றிப் படித்துவிட்டார். அவ்வளவுதான். ஆனால் வரைபடம் என்றால் வரைபடம். அதை மீறிப் பூசியவனுக்கு மறுநாள் வேலை கிடையாது. வாசலுக்கு வெளியே வேலை கேட்டு நிற்பவர்களின் வரிசை அந்த வருஷம் தெருக்கோடி வரை நீண்டிருந்தது. ஹெட்லி வரைபடத்தை எடுத்துக்கொண்டு லம்லியிடம் போனார்.

"மிஸ்டர் லம்லி, இது தப்பு. லண்டனுக்குத் தந்தி அடிங்க."

லம்லி பார்த்தார். வாய் காதுவரை போனது. "தப்பா? மொதத் தடவையா லண்டன்காரன் ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கான்! கடைசியில எங்க கலர் உங்க கழுத்துல ஏறுது பாத்தியா?"

"விளையாடாதீங்க ஐயா. சனிக்கிழமை ஊரே வந்து நிக்கும்."

"வந்து நிக்கட்டும். கண்ணு குளிரப் பாக்கட்டும். தந்தி அடிச்சாலும் மேலிடத்துல கையெழுத்து வாங்கிப் பதில் வர மூணு வாரம் ஆகும். வரைபடத்துல என்ன இருக்கோ அதப் பூசுப்பா. காய்ச்சல்னு வேணா சொல்லிப் பாரு."

ஹெட்லி திரும்பி வந்து மஞ்சள் டப்பாவைத் திறந்தார். அவர் வாயில் ஒரு திட்டுகூட வரவில்லை. அதுதான் ஆம்புரோஸுக்குப் பயமாக இருந்தது. "அண்ணே, எதையாவது சொல்லித் திட்டுங்கண்ணே" என்றான். ஹெட்லி மூடியை மறுபடி மூடினார். திறந்தார். தூரிகையை எடுத்து, மறுபடி காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டார்.

பத்து நிமிஷம் ஆகியிருக்கும். லம்லி வேகமாக வந்தார். சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை. ஒரு கையில் தேநீர்க் குவளை, இன்னொரு கையில் அடுத்த எஞ்சினுக்கான வரைபடம். அதை ஹெட்லி முன்னால் விரித்தார். கிரேஹாம் ரோவர்ஸ் என்ற பெயருக்குக் கீழே அரக்குச் சிவப்பு, வெள்ளை.

"இதென்னய்யா அக்கிரமம்?" லம்லி வரைபடத்தை விரலால் குத்தினார். "உங்க சாயத்தை எங்க பேருக்குக் கீழயா? எங்கப்பா சவப்பெட்டியில இருந்து எந்திரிச்சு வந்துடுவாரு!"

"அதத்தான் நானும் சொன்னேன்" என்றார் ஹெட்லி.

"அது மட்டுமா? எங்க மஞ்சளை ஆல்டர்பி பேருக்குக் கீழ பூசினா, அதுவும் எங்களுக்குத்தானே அவமானம்! இது ஏன்யா எனக்கு மொதல்லயே தோணல?"

மூவரும் இரண்டு வரைபடங்களையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். லம்லி தேநீர்க் குவளையைத் தூக்கினார். முதல் வரைபடத்தில் நிறம் எழுதியிருந்த இடத்தின் மேல் மெதுவாக, தளும்பத் தளும்ப வைத்தார். எடுத்தார். இரண்டாவதிலும் அதே இடத்தில் வைத்தார். மை கரைந்து பரவியது.

"படிக்க முடியலியே" என்றார் லம்லி. "நீயே பாத்து, தெரிஞ்சதப் பூசு."

சனிக்கிழமை ஸ்டேஷனில் எள் போட்டால் எள் விழாது. எஞ்சின் மேல் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. டவுன் ஆட்டக்காரர்கள் கல்யாணத்துக்கு வந்தவர்கள்போல கோட்டும் டையும் அணிந்து வரிசையாக நின்றார்கள். கசாப்புக்கடைக்காரரான கோல்கீப்பருக்கு வியர்த்துக் கொட்டியது. லண்டனிலிருந்து வந்த அதிகாரி கையில் வரைபடத்தின் நகல் இருந்தது. தேநீர் படாத நகல். கயிற்றை இழுக்க மேயர் கை வைத்தார். ஹெட்லி திரும்பி நின்றுகொண்டார். எஞ்சினுக்கு முதுகு, கூட்டத்துக்கு முகம்.

துணி விழும் சத்தம் கேட்டது. ஆயிரம் முகங்களும் ஒரே நொடியில் மலர்ந்தன. பால்காரர் வாயைப் பிளந்தார். ஐவி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினாள். பிறகு எழுந்தது பாருங்கள் ஒரு முழக்கம், ஸ்டேஷன் கூரையிலிருந்த புறாக்கள் ஒன்று விடாமல் பறந்துபோயின. டவுன் வரலாற்றில் எந்தக் கோலுக்கும் அப்படி ஒரு சத்தம் எழுந்ததில்லை. ஹெட்லிக்குக் கண் கலங்கிவிட்டது.

அதிகாரி மட்டும் நகலைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார். "இதுல மஞ்சள், கறுப்புன்னு இருக்கே. யார் மாத்துனது?"

ஹெட்லி வாயைத் திறப்பதற்குள் லம்லி முன்னால் வந்தார். அத்தனை ஆல்டர்பிக்காரர்களுக்கு நடுவே, கோட்டைத் திறந்து உள்பக்கத்து வில்லையைக் காட்டினார். "ஐயா, நான் கிரேஹாம் ரோவர்ஸ்காரன். பொறந்ததுலேருந்து. மஞ்சளும் கறுப்பும் எங்களோடது. இந்தப் பயலுங்களுக்கு அதுல ஒரு சொட்டுகூடக் கிடையாது."

கூட்டம் ஓவென்று ஊளையிட்டது. சிரித்தது. மறுபடி ஊளையிட்டது. அதிகாரி வில்லையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். நகலை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை ரோவர்ஸ் எஞ்சின் நிறத்துக்குத் தயாராக நின்றது. ஹெட்லிக்கு இன்று காய்ச்சல்தான் என்று ஆம்புரோஸ் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். லம்லி தன் மேஜையில் குனிந்து எதையோ எழுதுவதுபோல் இருந்தார். சங்கு ஊதுவதற்குள் ஹெட்லி வந்துவிட்டார். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மஞ்சள் டப்பாவைத் திறந்தார். தூரிகையைத் தொட்டு, விளிம்பில் இரண்டு தரம் வழித்து, இடது கட்டைவிரல் நகத்தில் ஒரே இழுப்பு. அதைத் தூக்கிப் பிடித்தபடி வடக்கு ஜன்னலுக்கு நடந்தார். பிறகு லம்லியின் மேஜைக்குப் போய், அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இன்னொரு பூச்சு கேக்குதில்ல?"