வெட்டாமல் விட்ட குமிழ்

எங்கள் மரக்கிண்ணத்தைக் காண்போர், அதன் அடியில் துருத்தி நிற்கும் குமிழைச் சுட்டி, கடைசல்காரர் அரைகுறையாக விட்டுவிட்டார் என்கின்றனர். அப்பழி அவரைச் சேரலாகாது என்பதற்காகவே இதனை எழுதுகின்றேன்.

1970களின் இறுதியில் என் மனைவிக்கு வலப்பக்கம் செயலிழந்தது. இடக்கையால் உண்ண முயன்றால் தட்டு நழுவியது. ஆதலின் நானே ஊட்டினேன். மாதங்கள் செல்லச் செல்ல இருவரும் சலித்தோம். கனமான கிண்ணமாயின் நழுவாது என்றெண்ணி, உத்திரமேரூர்க் கடைசல் பட்டறைக்கு அவளையும் மாட்டுவண்டியில் அழைத்துச் சென்றேன்.

மரத்தைக் கயிறிழுத்துச் சுழற்றிக் கடையும் பொறி அங்கிருந்தது. வழக்கமாக இழுக்கும் கடைசல்காரரின் மனைவி நடவுக்குச் சென்றிருந்தமையால் நானே இழுத்தேன். பூவரச மரத்தில் கிண்ணம் உருவாவதற்குள் என் தோள்கள் சோர்ந்தன.

"இன்னா ஐயா, அதுக்குள்ள களைச்சிட்டீங்க? பொறில மாட்டறதுக்கு வுட்ட இந்தக் குமிழ வெட்டி அடிய வழிச்சிட்டா முடிஞ்சுது," என்றார் அவர்.

"வெட்டாதீங்க," என்றாள் என் மனைவி. "ஒரு பலகைல ஓட்டை போட்டு அதுல இத்த சொருவிட்டா, கிண்ணம் நவராது இல்ல?"

"பாக்கறவங்க என்னைத்தானேம்மா திட்டுவாங்க?"

"திட்டட்டும். இவரு ஒவ்வொரு வாய்க்கும் பெருமூச்சு வுட்டுக்கினே ஊட்றாரு. அத்த யாரு துன்றது?"

நான் பெருமூச்சு விட்டதை நானே அறியேன். கயிறு என் கையில் அப்படியே நின்றது. கடைசல்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, குமிழை வழவழப்பாக்க மட்டும் உளியை வைத்தார். பலகையிலும் துளையிட்டுத் தந்தார்.

அன்று மாலை அவள் தானே உண்டாள். வேலையற்ற கைகளோடு எதிரில் அமர்ந்திருந்தேன். என்னையறியாது மூச்சொன்று நீண்டு வெளிப்பட்டது.

"இப்போ இன்னாத்துக்கு?" என்றாள், நிமிராமலே.

தொழிற்சொற்களில் பிழையிருப்பின் அறிந்தோர் திருத்துக. அக்குமிழை மட்டும் பிழையெனக் கொள்ளற்க.