தலையாட்டினான் என்று எழுதிய காகிதம்

தெருவில் அவளுக்குத் தந்தி என்று பேர். அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் காது கேட்காது. அவளுக்குப் பின்னால் பிறந்த தம்பிக்கும் கேட்காது. சித்திக்குக் கேட்கும், ஆனால் கல்யாணமாகிப் போன சித்தி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே இல்லை. ஆக, வீட்டு வாடகைப் பேச்சிலிருந்து பள்ளிக்கூடத்துப் பேச்சுவரை எல்லாம் இவள் தலையில்தான். ஒன்பது வயதில் டாக்டர் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டு, அப்பாவுக்கு இனி அதிக நாள் இல்லை என்பதை அப்பாவுக்கே தன் கையால் சொன்னாள். அந்த டாக்டர் அப்பாவின் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. நாற்பது வருஷம் ஆகிவிட்டது. அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

தையல் கடையில் காஜா எடுப்பது அவளுக்கு வேலை. ஒரு மத்தியானம் தம்பி ஒரு காகிதத்தோடு கடைக்கு வந்தான். பதினாறு வருஷமாக மர அறுவை மில்லில் இருக்கிறான். நான்கு நாளைக்கு முன் அவனோடு வேலை செய்கிற கூட்டாளிக்கு வட்ட ரம்பத்தில் இரண்டு விரல் போய்விட்டது. அதைப் பற்றி ஆபீசில் விசாரித்தார்கள், இதைக் கொடுத்தார்கள், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டான். அவனுக்குத் தன் பேருக்கு மேல் படிக்க வராது.

அவள் படித்தாள். கூட்டாளி கை உள்ளே இருப்பதைப் பார்க்காமல் சுவிட்சைப் போட்டது இவன்தானாம். கேட்டபோது தலையாட்டி ஒப்புக்கொண்டானாம். வாட்ச்மேன் சைகையில் விளக்கிச் சொன்னாராம். திங்கட்கிழமை முதல் வேலை கிடையாது, போலீசுக்கும் எழுதுவோம் என்று கீழே ஒரு வரி.

வாட்ச்மேனுக்குத் தெரிந்த சைகை சாப்பாடு, தண்ணீர், மழை. அதோடு சரி.

அவளுக்குத் தலை முதல் கால்வரை பற்றிக்கொண்டு வந்தது. பாதிக் கோபம் அவள் மேலேயேதான். காது கேளாதவர்கள் தங்களுக்குள் பேசும்போது, எதிரில் இருக்கிறவர் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார். பார்த்துக்கொண்டிருக்கிறேன், மேலே சொல் என்றுதான் அதற்கு அர்த்தம். சம்மதமா இல்லையா என்பது கடைசியில் கையில் வரும். அது போதாதென்று, சின்ன வயதில் அவளே அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள்: காது கேட்கிறவங்க பேசினா தலையாட்டு, இல்லேன்னா முட்டாள்னு நினைப்பாங்க என்று. அவனும் அக்கா பேச்சை இத்தனை வருஷமாகத் தட்டவில்லை.

கத்தரிக்கோலை வைத்துவிட்டு, தம்பியையும் கூட்டிக்கொண்டு அப்படியே மில்லுக்குக் கிளம்பினாள்.

ஆபீஸ் அறையில் மேனேஜர், சூப்பர்வைசர், எழுதுகிற கிளார்க் மூன்று பேர். விசாரணை முடிஞ்சுபோச்சும்மா, இவன் கையெழுத்து மட்டும்தான் பாக்கி என்றார் மேனேஜர். நீ அவன் அக்கா, அவனுக்குச் சாதகமாத்தான் சொல்லுவே என்றும் சொன்னார்.

"அப்ப உங்க வாட்ச்மேன் யாரு சார், ஜட்ஜா?" என்றாள். "சரி, என்னை விடுங்க. நான் கையை மடக்கிக்கிறேன். நீங்களே அவனைக் கேளுங்க."

மேனேஜர் தம்பி பக்கம் திரும்பி, நீதானே சுவிட்சைப் போட்டே என்று சத்தமாகக் கேட்டார். அவன் அவர் வாயையே பார்த்து மரியாதையாகத் தலையாட்டினான். பாத்தியா என்றார் அவர்.

"இந்த மில்லுக்கு முதலாளி நீதானான்னு கேளுங்க."

கேட்டார். அதற்கும் ஆட்டினான்.

"உங்களுக்குப் பொண்ணு குடுத்த மாமனாரு இவன்தானான்னு கேளுங்க சார்."

கிளார்க் பேனாவால் வாயை மூடிக்கொண்டான். மேனேஜர் கேட்கவில்லை. முகம் சுண்டிப்போய் உட்கார்ந்திருந்தார்.

சூப்பர்வைசர் பக்கத்தில் குனிந்து, இந்த ஊமைகிட்ட என்ன சார் பேச்சு என்று முணுமுணுத்தார். அவள் கை உடனே அதையும் தம்பிக்குச் சொன்னது. அதை எதுக்கும்மா சொல்றே என்று மேனேஜர் பதறினார்.

"இந்த ரூம்ல பேசினது எல்லாம் அவனுக்குப் போகும் சார். போகக்கூடாதுன்னா பேசாதீங்க."

தம்பி சூப்பர்வைசரை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு அவன் கை ஓட ஆரம்பித்தது, அவள் குரல் பின்னாலேயே ஓடியது.

"நான் சுவிட்சைப் போடல. ரம்பம் முன்னாடியே ஓடிட்டிருந்துச்சு."

"நீ எங்கம்மா அங்க வந்தே?" என்றார் மேனேஜர்.

"பேசறது அவன் சார். குரல் மட்டும்தான் என்னோடது. அவனைப் பாத்துக் கேளுங்க."

அதற்குப் பிறகு அவர் அவன் முகத்தைப் பார்த்தார். பதினாறு வருஷத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அவன் கை சொல்லிக்கொண்டே போனது. ரம்பத்தின் மேல் இருந்த இரும்பு மூடியை, அகலப் பலகை சீக்கிரம் போகட்டும் என்று இரண்டு மாதத்துக்கு முன் சூப்பர்வைசர் கழற்றச் சொன்னார். வேண்டாம் என்று இவன் கை காட்டினான், அவர் சிரித்தார். அன்றைக்குக் கூட்டாளியின் சட்டைக் கை மாட்டிக்கொண்டது. இவன் ஓடிப்போய் சுவிட்சை அணைத்தான். மற்றவர்கள் திரும்பியபோது பார்த்தது, சுவிட்ச் மேல் இருந்த இவன் கையை.

சூப்பர்வைசர் எழுந்தார். மேனேஜர் உட்காரச் சொன்னார். கழற்றின மூடி எங்கே என்று அவர் சூப்பர்வைசரைக் கேட்டார். பதில் தம்பியிடமிருந்து வந்தது: மரத்தூள் மூட்டைக்குப் பின்னால். கிளார்க் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இருக்கு சார் என்றான்.

எல்லாம் புதிதாக எழுதினார்கள். அவள் ஒவ்வொரு வரியாகக் கையில் படித்துக் காட்டினாள். மூடி கழன்று கிடந்தது என்று ஓரிடத்தில் இருந்தது. தம்பி அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். கழன்று கிடக்கவில்லை, கழற்றினார்கள் என்றான். கிளார்க் மேனேஜரைப் பார்த்தான், பிறகு மாற்றி எழுதினான். பழைய காகிதத்தின் குறுக்கே கோடு போட்டு, செல்லாது என்று மேனேஜரே கையெழுத்து வைத்த பிறகுதான் தம்பி புதியதில் தன் பேரை எழுதினான்.

சரி, திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லு என்றார் மேனேஜர்.

"மூடி மாட்டியிருந்தா வரேன்" என்றது அவள் குரல். சொன்னது அவன்.

வாசல்வரை கூடவே வந்த மேனேஜர், இனிமே ஏதாச்சும்னா உனக்கே போன் பண்றோம்மா, நீயே வந்துடு என்று சிரித்தார். உதவி செய்கிற சிரிப்பு. அவளுக்கு அதுதான் எல்லாவற்றையும்விட ஆத்திரமாக இருந்தது.

"நான் அவன் அக்கா சார். அடுத்த தடவை அக்காவா வந்து பக்கத்துல உக்காருவேன். சைகை மொழி படிச்சு, அதையே வேலையா செய்யறவங்க இருக்காங்க. அவங்களைக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் அவனை ஒரு வார்த்தை கேக்காதீங்க."

இதையும் தம்பிக்குக் கையால் சொல்லிவிட்டுத்தான் படி இறங்கினாள்.